அபேபே பிகிலாவின் கால்கள் யாருடையவை?

(சங்கத்தின் விளையாட்டுப் பிரிவுத் தொடக்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. தோழர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் வெளியிடப்படுகிறது.)

 

விளையாட்டுப் பிரிவு ஒன்று தொடங்குவது என்று செயற்குழுவில் முடிவானபோது மூத்த தோழர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள். கூலி பாக்கி, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளி அட்மிஷன், குடிசை மாற்று விவகாரம், இவற்றைப் பேசவே ஞாயிற்றுக்கிழமை போதவில்லை. ஓட்டப் பந்தயம் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நேர்ப் பதில் சொல்லாமல், ஓர் ஓட்டக்காரரின் வரலாற்றைச் சொல்ல வந்திருக்கிறோம். அதில் பதில் இருக்கிறதா இல்லையா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இந்த மும்பை மாநகரில் 2004ஆம் ஆண்டிலிருந்து மாரத்தான் ஓட்டம் நடந்துவருகிறது. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன் எதிரே புறப்பட்டு, கடற்கரைச் சாலை, கடல் பாலம், மாகிம் என்று சுற்றித் திரும்புகிறார்கள். தாராவிப் பிள்ளைகள் அதிகாலையில் எழுந்து போய் மாகிமில் நின்று வேடிக்கை பார்ப்பதுண்டு. முதலில் வருகிறவர்கள் பெரும்பாலும் கென்ய நாட்டுக்காரர்கள், எத்தியோப்பிய நாட்டுக்காரர்கள். "அவங்க மட்டும் எப்படி மாமா ஜெயிக்கிறாங்க?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நாம் என்ன பதில் சொல்கிறோம்? "அது அவங்க ரத்தத்திலேயே இருக்குடா. காட்டிலேயும் மலையிலேயும் ஓடிப் பழகினவங்க. இயற்கையா வந்தது" என்கிறோம்.

தோழர்களே, இந்தப் பதிலை நாம் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறோம். நாக்காவில் ஆள் எடுக்க வரும் கான்ட்ராக்டர் என்ன சொல்கிறான்? "மதராசிக்கு வெயில் ஒண்ணும் செய்யாது, தாங்குவான்" என்கிறான். பாரம் தூக்கத் தாங்குவான், சாக்கடையில் இறங்கத் தாங்குவான், இட்லி தின்றே பன்னிரண்டு மணி நேரம் நிற்பான். கேட்பதற்குப் பாராட்டுப் போலத்தான் இருக்கும். கூலி பேசும்போது அதன் பொருள் தெரியும். இயற்கையாக வருவதற்கு எவனும் கூலி தரமாட்டான். ஒருவனுடைய உழைப்பை 'அது அவன் சுபாவம்' என்று சொல்லிவிட்டால் கணக்கு அத்தோடு தீர்ந்துபோகும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அபேபே பிகிலாவின் கதையைக் கேளுங்கள்.

1932ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் எத்தியோப்பியாவில் ஜாத்தோ என்ற சிற்றூரில் பிறந்தவர் அபேபே. ஆடுமாடு மேய்த்து வளர்ந்த பிள்ளை. அவருக்கு மூன்று வயது நடக்கும்போது, 1935 அக்டோபரில், இத்தாலியின் முசோலினி அந்த நாட்டின்மேல் படையெடுத்தான். விமானத்திலிருந்து விஷவாயு போட்டான். மறு ஆண்டு மே மாதம் தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. சக்கரவர்த்தி ஹெய்லி செலாசி சர்வதேச சங்கத்துக்குப் போய் முறையிட்டார். வல்லரசுகள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தன. அபேபேயின் குடும்பம் போருக்குப் பயந்து தொலைவிலுள்ள கோரோ என்ற ஊருக்குப் பெயர்ந்தது. ஊரைவிட்டுப் பெயர்வது என்றால் என்ன என்று இந்தக் கூட்டத்தில் விளக்க வேண்டியதில்லை. 1941இல்தான் இத்தாலியர்கள் விரட்டப்பட்டார்கள். அந்தப் போரில் கேரன் மலையில் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் நின்று போரிட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். அது பிரிட்டிஷ்காரன் கொடியின் கீழ் நடந்த போர் என்பது வேறு விஷயம்.

வாலிப வயதில் அபேபே பிழைப்புத் தேடித் தலைநகருக்கு வந்து, சக்கரவர்த்தியின் மெய்க்காவல் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கே உடற்பயிற்சி கற்பித்தவர் ஒன்னி நிஸ்கானென் என்ற சுவீடன் நாட்டுக்காரர். அபேபேயிடம் ஓட்டம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர் என்று எல்லாப் புத்தகங்களும் எழுதுகின்றன. சரி, கண்டுபிடிக்கட்டும். ஆனால் காலையில் எழுந்து ஓடியது யார்?

அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். நம் ஊட்டியைவிடச் சற்று அதிகம். அங்கே காற்றில் பிராணவாயு குறைவு. புதிதாகப் போகிறவனுக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். அந்த உயரத்தில் வாழ்ந்து ஓடுகிறவனுக்கு ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடும். சமவெளிக்கு இறங்கி ஓடும்போது அது உதவும். இதை விஞ்ஞானம் ஒப்புக்கொள்கிறது, நாமும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மலைமேல் லட்சக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் 42 கிலோமீட்டர் 195 மீட்டர் ஓடினார்கள்? உயரம் எல்லோருக்கும் பொது. ஓட்டத்துக்கு உழைத்தவர்கள் சிலரே. நீண்ட தூரம் ஒரே சீராக ஓடுவது ஒருநாள், மலைச்சரிவில் ஏறி இறங்கி ஓடுவது ஒருநாள், குறுகிய தூரத்தை அதிவேகமாக ஓடி, சற்று இளைப்பாறி, மறுபடி அதே தூரத்தை ஓடுவது ஒருநாள் என்று நாள் தவறாமல், மழை வெயில் பாராமல் பயிற்சி. பக்கத்தில் கடிகாரம் பிடித்த ஆள். இது ஒரு தொழில், தோழர்களே! தறிப்பட்டறையில் கை தேறுவதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ, அப்படி ஒரு தொழில்.

1960ஆம் ஆண்டு ஜூலையில் அடிஸ் அபாபாவில் அவர் முதல் மாரத்தான் ஓடி வென்றார். ஒரு மாதம் கழித்து அதே ஊரில் மறுபடி ஓடினார். 2 மணி 21 நிமிடம் 23 வினாடி. இந்தக் கணக்கைச் சற்று நிறுத்திப் பாருங்கள். அப்போது ஒலிம்பிக் சாதனை செக்கோஸ்லோவாகிய நாட்டின் எமில் சாட்டோபெக் 1952இல் ஓடிய 2 மணி 23 நிமிடம் 3 வினாடி. அதாவது, ரோமாபுரிக்குப் புறப்படும் முன்பே, மூச்சு வாங்கும் உயரத்தில், இந்தச் சிப்பாய் ஒலிம்பிக் சாதனையைவிட வேகமாக ஓடி முடித்துவிட்டார். ஆனாலும் ரோமில் ஓட்டம் முடிந்த மறுநாள் உலகப் பத்திரிகைகள் எழுதியது, 'யாரும் அறியாத ஒருவர்' என்று! அறிந்துகொள்ள அவர்கள் அக்கறைப்படவில்லை என்பதே உண்மை. அடிஸ் அபாபாவில் ஓடிய ஓட்டத்தை அவர்கள் ஓட்டமாகவே மதிக்கவில்லை.

இனி ரோம். 1960 செப்டம்பர் 10, மாலை. வெயிலுக்காக ஓட்டத்தை மாலை 5.30 மணிக்கு வைத்தார்கள். அதற்குமுன் நடந்த ஒலிம்பிக் மாரத்தான்கள் போல ஸ்டேடியத்தில் தொடங்கவுமில்லை, ஸ்டேடியத்தில் முடியவுமில்லை. பழைய ரோமானியர்களின் காப்பிட்டோலின் குன்றருகே தொடக்கம், கான்ஸ்டன்டைன் வளைவில் முடிவு. தங்கள் பழம்பெருமையை உலகுக்குக் காட்ட இத்தாலியர்கள் போட்ட பாதை அது.

காலணி விஷயம் எல்லோருக்கும் தெரியும். ரோமில் கிடைத்த காலணி அவர் காலுக்கு ஒத்துவரவில்லை. கொப்புளத்தோடு 42 கிலோமீட்டர் ஓட முடியாது. வெறுங்காலோடு ஓடிப் பயிற்சி செய்திருந்ததால், வெறுங்காலோடு ஓடுவது என்று அவரும் நிஸ்கானெனும் முடிவு செய்தார்கள். இதற்குமேல் அதில் கதை எதுவும் இல்லை. ஒரு தொழிலாளி தன் கருவியைப் பற்றி எடுத்த முடிவு அது. ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது அந்த வெறுங்காலை மட்டும்தான்! இன்றைக்கும் அவர் பேரைச் சொன்னால் முதலில் 'செருப்பில்லாமல் ஓடினாரே' என்கிறார்கள். வெறுங்கால் என்றதும் அவர்களுக்கு ஏழ்மையும் காடும் நினைவுக்கு வருகின்றன. கடிகாரமும் கணக்கும் திட்டமும் மறந்துபோகின்றன.

திட்டம் இருந்தது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறோம். மொராக்கோ நாட்டின் ராடி என்ற வீரரைக் கவனித்துக்கொள், அவருடைய எண் 26 என்று நிஸ்கானென் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் ராடி அன்று 26ஆம் எண்ணை அணியவில்லை; முன்பு பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் அணிந்த 185ஆம் எண்ணோடு ஓடினார். அபேபே வழிநெடுக 26ஐத் தேடினார். முன்னால் இருப்பானோ என்று ஒவ்வொருவராக முந்தினார். கடைசியில் அவரோடு தோளோடு தோள் ஓடியவர் ஒருவர்தான், எண் 185. இருட்டிவிட்டது. பழைய ஆப்பியன் சாலையில் விளக்கு இல்லை. சிப்பாய்கள் வரிசையாகத் தீப்பந்தம் ஏந்தி நின்றார்கள். அந்த வெளிச்சத்தில் இரண்டு ஆப்பிரிக்கர்கள் மட்டும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த 1960ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன என்பதை நினைவுபடுத்துகிறோம்.

முடிவெல்லைக்குச் சற்று முன்னால் ஒரு கல்தூண் இருந்தது. 24 மீட்டர் உயரம். எத்தியோப்பியாவின் அக்சும் நகரத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன் நிறுத்தப்பட்ட தூண் அது. முசோலினியின் படை 1937இல் அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து, தன் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளை ஆளும் அமைச்சகத்தின் முன்னால் நிறுத்தியது. 1947இல் போட்ட சமாதான உடன்படிக்கையில், கொள்ளையடித்ததைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று இத்தாலி கையெழுத்திட்டது. 1960இல் தூண் அங்கேயேதான் நின்றது! முன்கூட்டியே பாதையைப் பார்த்து வைத்த அபேபேயும் நிஸ்கானெனும் கடைசி வேகத்தை எடுக்க வேண்டிய இடமாக அந்தத் தூணைத்தான் குறித்திருந்தார்கள். அங்கிருந்து எல்லைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. அந்த இடம் வந்தது, அபேபே வேகம் எடுத்தார், ராடி பின்தங்கினார். 25 வினாடி வித்தியாசத்தில் வெற்றி. 2 மணி 15 நிமிடம் 16 வினாடி. சோவியத் வீரர் போப்போவ் 1958இல் ஓடிய உலகின் மிகச் சிறந்த நேரத்தை ஒரு வினாடிக்கும் குறைவாக முந்தினார். சகாராவுக்குத் தெற்கே உள்ள கறுப்பு ஆப்பிரிக்காவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம்.

எவ்வளவு வேகம் என்று பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். ரயில்வேக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கில் சொல்வோம். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து தானா தாண்டித் திவா வரை உள்ள தூரம் ஏறத்தாழ அதுதான். ஒவ்வொரு கிலோமீட்டரையும் 3 நிமிடம் 12 வினாடியில் கடக்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் உள்ள வாலிபர்கள் நாளைக் காலை மைதானத்தில் ஒரே ஒரு கிலோமீட்டர் அந்த வேகத்தில் ஓடிப் பாருங்கள். பிறகு 'இயற்கை' என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது.

நாடு திரும்பியபோது தலைநகரமே திரண்டு வந்தது. சக்கரவர்த்தி பதக்கம் அணிவித்தார், பதவி உயர்வு கொடுத்தார். வீடு கொடுத்தார்கள், டிரைவரோடு கார் கொடுத்தார்கள். ஆனால் வீடும் காரும் மெய்க்காவல் படைக்குச் சொந்தம். அவருக்கு உபயோகிக்க மட்டும் உரிமை. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சுவரில் ஆணி அடிப்பதற்கும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்போம். உத்தியோகம் இருக்கும்வரை கூரை. பணி ஓய்வுக்குப் பின் சாவியை ஒப்படைக்க நோட்டீஸ் வரும்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் மாதம் சக்கரவர்த்தி பிரேசில் நாட்டுக்குப் போயிருந்த சமயம், மெய்க்காவல் படைத் தளபதி மெங்கிஸ்து நெவாய் தலைமையில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. நாட்டின் வறுமையையும் பிற்போக்கையும் ஒழிப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். தலைநகரில் சண்டை நடந்து, முயற்சி தோற்றது. தளபதியைத் தூக்கிலிட்டார்கள். அபேபே அதில் நேரிடையாகப் பங்கு கொள்ளவில்லை. ஆனாலும் அந்தப் படையின் சிப்பாய் என்பதால் அவரையும் பிடித்து வைத்து விசாரித்தார்கள், பிறகுதான் விட்டார்கள். செப்டம்பரில் நாட்டின் பெருமை, டிசம்பரில் சந்தேகத்துக்குரிய ஆள்! ஊருக்கு ஊர் ஆள்கிறவர்கள் இப்படித்தான். பாலம் கட்டி முடித்த அன்று நம்மை 'உழைப்பாளிகள்' என்கிறார்கள். குடிசையை இடிக்கும் அன்று 'வெளியாட்கள்' என்கிறார்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஓட்டக்காரர் பரிசுப் பணம் வாங்கக்கூடாது. 'அமெச்சூர்' விதி என்று பெயர். வாங்கினால் வாழ்நாள் முழுக்க விலக்கி வைப்பார்கள். பாஸ்டன் மாரத்தானில் முதன்முதல் பணப் பரிசு கொடுத்ததே 1986இல்தான். விதியைப் போட்டவர்கள் யார் என்றால், சொத்து வருமானத்தில் சாப்பிட்டுக்கொண்டு பொழுதுபோக்குக்கு ஓடிய கனவான்கள். கூலிக்காரன் மகன் ஓட வேண்டுமானால் யாராவது சோறு போட வேண்டும். அதனால்தான் அந்த நாளைய பெரிய ஓட்டக்காரர்களில் சிப்பாய்கள் இத்தனை பேர். நம் மில்கா சிங் சிப்பாய். பீகார் கிராமத்திலிருந்து வந்த சிவநாத் சிங்கும் சிப்பாய்தான். அவரும் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆவதாக வந்தவர். 1978இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடத்தை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எந்த இந்தியரும் முந்தாமல் இருந்தார்கள். அவரைப் பற்றி நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் எத்தனை வரி இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ரயில்வேயிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறோம். ஓடுகிற வரைக்கும் கைதட்டல்; ஓட்டம் நின்றதும் பைல் கட்டும் மேசைதான். அந்த மேசையாவது கிடைக்கிறதே என்பதும் உண்மை.

அபேபேக்கு வருவோம். 1961இல் ஏதென்ஸ், ஒசாகா, கோசித்சே என்று மூன்று இடங்களில் ஓடி மூன்றிலும் வென்றார். அதன்பின் 1963 ஏப்ரல் வரை மாரத்தான் ஓடவில்லை. 1963இல் பாஸ்டனில் ஐந்தாவதாக வந்தார். அவ்வளவுதான், காலம் முடிந்தது என்றார்கள். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக். ஓட்டத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது குடல்வால் அழற்சி கண்டு வயிற்றில் அறுவை செய்தார்கள். அறுவை ஆனவர்களைக் கேளுங்கள், ஐந்து வாரத்தில் குடம் தூக்க முடியுமா என்று. அவர் அக்டோபர் 21ஆம் நாள், இம்முறை காலணி அணிந்து, 2 மணி 12 நிமிடம் 11 வினாடியில் ஓடி முடித்தார். புதிய உலகச் சாதனை நேரம். இரண்டாவதாக வந்த இங்கிலாந்துக்காரர் ஹீட்லிக்கும் அவருக்கும் இடையே நான்கு நிமிடத்துக்குமேல் வித்தியாசம். அடுத்த ஆள் ஸ்டேடியத்துக்குள் வரும்வரை அவர் புல்தரையில் படுத்துக் கை கால்களை நீட்டி மடக்கி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்! அதுவரை ஒலிம்பிக் மாரத்தானை இரண்டு முறை வென்றவர் உலகில் எவருமில்லை. எத்தியோப்பிய தேசிய கீதம் வாத்தியக்காரர்களிடம் இல்லாததால் ஜப்பானிய கீதத்தையே வாசித்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். முந்தைய ஒலிம்பிக்கில் வென்றவர் மறுபடி வெல்லக்கூடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை போலும்.

அன்று மூன்றாவதாக வந்தவர் ஜப்பானின் சுபுராயா. அவரும் சிப்பாய். இரண்டாவதாக ஸ்டேடியத்துக்குள் நுழைந்து, சொந்த ஜனங்களின் கண்ணெதிரே ஹீட்லியிடம் இடத்தை இழந்தார். அடுத்த ஒலிம்பிக்கில் ஈடுசெய்வேன் என்ற பாரத்தைச் சுமந்தபடியே இருந்தவர், உடம்பு ஒத்துழைக்காமல் போக, 1968 ஜனவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 27. வெண்கலம் வென்ற ஒரு பிள்ளை நாட்டிடம் மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு ஏன் வந்தான்? பெற்றோர்களே, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாட்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

டோக்கியோ வெற்றிக்காக அபேபேக்குச் சொந்தமாகவே ஒரு வோக்ஸ்வாகன் கார் கிடைத்தது. அதிகாரியாகப் பதவி உயர்வும் வந்தது. 1968இல் மெக்சிகோ. கால் வலியோடு போனார். 17 கிலோமீட்டர் தூரத்தில் ஓட்டத்திலிருந்து விலகினார். அவரோடு ஓடிய அதே நாட்டின் மாமோ வோல்டே தங்கம் வென்றார். மாமோவும் மெய்க்காவல் படைச் சிப்பாயே.

1969 மார்ச் 22ஆம் நாள் இரவு. அதே வோக்ஸ்வாகன் காரை அபேபே ஓட்டிச் சென்றபோது அது கவிழ்ந்தது. விடியும்வரை வண்டிக்குள்ளேயே சிக்கிக் கிடந்தார். கழுத்தெலும்பில் முறிவு. சக்கரவர்த்தி ஏற்பாட்டில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் எட்டு மாதம் சிகிச்சை நடந்தது. கைகள் மீண்டன. கால்கள் மீளவில்லை. அப்போது அவருக்கு வயது 36.

நியாயமாகப் பேச வேண்டும். சக்கரவர்த்தி அவரைக் கைவிடவில்லை. நல்ல மருத்துவம் தந்தார்கள். ஆனால் அது தயவு, உரிமை அல்ல. அதே படையில் அதே வாரம் முதுகெலும்பு முறிந்த பேர் தெரியாத சிப்பாய்க்கு இங்கிலாந்துக்கு விமானம் கிடைத்திருக்குமா? சாரத்திலிருந்து விழுகிற நம் ஆட்களுக்கு, கான்ட்ராக்டர் மனம் வைத்தால் ஐயாயிரமும் ஊருக்கு ரயில் டிக்கெட்டும். மனம் வைக்காவிட்டால் அதுவும் இல்லை. ஈ.எஸ்.ஐ. எண் கேள், வேலை அடையாள அட்டை கேள் என்று சங்கம் தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான். தயவு, கொடுப்பவனின் முகத்தைப் பார்த்து வரும். உரிமைக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அபேபே சும்மா இருக்கவில்லை. 1970இல் ஸ்டோக் மாண்டவில் விளையாட்டுப் போட்டியில் வில் வித்தையிலும் மேசைப் பந்தாட்டத்திலும் கலந்துகொண்டார். மறு ஆண்டு நார்வே நாட்டில், நாய்கள் இழுக்கும் பனி வண்டிப் போட்டியில் வென்றார். பனியே பார்த்திராத நாட்டுக்காரர்! இதையும் ரத்தத்தில் இருந்தது என்பார்களா? கையால் செய்யக்கூடியது எதுவோ அதை மறுபடி முதல் பாடத்திலிருந்து கற்றுக்கொண்டார். எங்களைக் கேட்டால், ரோமைவிட, டோக்கியோவைவிட, இந்த இரண்டு ஆண்டுகளில்தான் அவர் யார் என்பது தெரிகிறது.

1973 அக்டோபர் 25ஆம் நாள், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, 41ஆம் வயதில் இறந்தார். மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். பல்லாயிரம் மக்களோடு சக்கரவர்த்தியும் இறுதிச் சடங்குக்கு வந்தார். அதே அக்டோபர் மாதத்தில்தான், வோல்லோ மாகாணத்தில் பஞ்சத்தால் மக்கள் கொத்துக் கொத்தாகச் சாவதைப் பிரிட்டிஷ் தொலைக்காட்சி உலகத்துக்குக் காட்டியது. அதுவரை அரசாங்கம் அதை வெளியே தெரியாமல் வைத்திருந்தது. நாட்டின் பெருமைக்கு ஓடிய கால்களைக் காட்டத் தெரிந்தவர்களுக்கு, பட்டினியில் நடக்க முடியாத கால்களைக் காட்ட மனம் வரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் சக்கரவர்த்தியை ராணுவம் இறக்கியது. வந்தவர்கள் மக்கள் பெயரைச் சொல்லி வந்தார்கள்; செய்த கொலைகளுக்குக் கணக்கில்லை.

மாமோ வோல்டேயையும் முடித்துவிடுவோம். அந்த ராணுவ ஆட்சி 1991இல் விழுந்தபின், அந்த ஆட்சிக் காலத்தில் நடந்த ஒரு கொலையில் பங்கு உண்டு என்று அவரைக் கைது செய்தார்கள். தாம் கொல்லவில்லை என்றே அவர் கடைசிவரை சொன்னார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டு சிறை. 2002 ஜனவரியில் ஆறாண்டுத் தண்டனை என்று தீர்ப்புச் சொல்லி, அதைவிட அதிக காலம் இருந்துவிட்டதால் விடுவித்தார்கள். மே மாதம் இறந்துபோனார். அபேபே புதைக்கப்பட்ட புனித யோசேப்பு இடுகாட்டிலேயே அவரையும் புதைத்தார்கள்.

அக்சும் தூணை இத்தாலி 2005இல்தான் திருப்பி அனுப்பியது. மூன்று துண்டுகளாக விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய், 2008இல் அதன் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். திருப்பித் தருவதாகக் கையெழுத்துப் போட்டு 61 ஆண்டு.

கடைசியாக ஒரு வழக்கைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு வெளிநாட்டுக் காலணிக் கம்பெனி, வெறுங்காலோடு ஓடுவது போலவே இருக்கும் என்று ஒரு வகைக் காலணி செய்து, அதற்குப் 'பிகிலா' என்று பெயர் வைத்து விற்றது. குடும்பத்தாரிடம் அனுமதி கேட்கவில்லை என்று அபேபேயின் பிள்ளைகள் 2015இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். விஷயம் உங்களுக்குத் தெரிந்தும் பல ஆண்டு தாமதித்து வந்திருக்கிறீர்கள் என்று சொல்லி 2016இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பி.எஃப். பணத்துக்கும் கிராஜுவிட்டிக்கும் மனுப் போட்டு, 'காலம் கடந்தது' என்று சிவப்பு மையில் எழுதித் திரும்ப வாங்கியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் அவர்கள் காகிதங்களோடு பின்னால் உள்ள அறைக்கு வாருங்கள். ஓட்டப் பயிற்சிக்குப் பேர் கொடுக்கும் பிள்ளைகள் வாசலில் உள்ள மேசையில் கொடுக்கலாம். ஞாயிறு காலை 5.30 மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும், யார் யார் எத்தனை நிமிடத்தில் ஓடினார்கள் என்று நோட்டில் எழுதி வைப்போம்.